ஓடுகிற மெஷினுக்குச் சூடம் காட்டியவள்

மரகதாம்பிகை மில் காலனியில் அந்த வருஷம் ஆயுத பூஜையன்று வசந்தாமணி செய்த தப்பு என்ன என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பொரியில் வெல்லம் குறைத்துவிட்டாள் என்பவர்களும் உண்டு, பூசணிக்காயை இடம் வலம் மாற்றிச் சுற்றிவிட்டாள் என்பவர்களும் உண்டு, ஆனால் பஞ்சுத் தூசியிலேயே தலை நரைத்த மில்காரர்கள் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்வார்கள்: ஓடுகிற மெஷினுக்குச் சூடம் காட்டிவிட்டாள். மில்லில் அந்த வழக்கமே கிடையாது. முதல் நாளே எல்லா மெஷினையும் நிறுத்தி, துடைத்து, எண்ணெய் விட்டு, வாழைக்கன்று கட்டி, அது அசையாமல் சும்மா நிற்கும்போதுதான் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டுவார்கள். பிறகு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஸ்விட்சைப் போடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைக் கும்பிட்டால் அது வேண்டுதலைக் காதில் வாங்கிக்கொண்டே ஓடும், எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது என்பது அவர்கள் கணக்கு.

வசந்தாமணிக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அவள் புருஷன் மருதாசலம் அதே மில்லில் பிட்டர், ஸ்பேனர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போனவர். ஆனால் கம்ப்யூட்டர் ஒரு மெஷின் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. மில் ஆபீசில் புதிது வாங்கியபோது கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் அது. பிளஸ் ஒன் படிக்கிற மகள் கௌசல்யாவுக்காக மருதாசலம் கொண்டுவந்து முன்னறையில் வைத்திருந்தார். அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டதோடு வசந்தாமணிக்கும் அதற்கும் இருந்த உறவு முடிந்தது. அன்றைக்குப் புத்தகங்களையெல்லாம் சாமி முன்னால் அடுக்கியாயிற்று, தொடக் கூடாது, படிக்கக் கூடாது. கை சும்மா இருக்காத கௌசல்யா, "எல்லாத்தையும் சுத்தம் பண்றோம், இதையும் பண்ணீர்லாம்மா" என்று சொல்லி டீஃப்ராக் என்ற ஒன்றை ஓடவிட்டாள்.

"அப்புடீன்னா என்ன கண்ணு?"

"உள்ளார எல்லாம் துண்டு துண்டாச் செதறிக் கெடக்கும்மா. ஒண்ணோட பாதி இங்க, மீதி எங்கியோ. அத எடுத்து அததோட சேத்து வெக்கும். நூறு வரைக்கும் போகோணும். அது வரைக்கும் ஆரும் தொடக் கூடாது, நிறுத்தக் கூடாது. நீ பாத்துக்கோ."

பாலைப் பார்த்துக்கொள் என்பது மாதிரிச் சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். வசந்தாமணி பாலைப் பார்ப்பதில் கெட்டிக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அடுப்பில் ஒரு சொட்டுப் பால் பொங்கி வழிந்ததில்லை. ஆகவே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரில் உட்கார்ந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். சில சிவப்பு, சில நீலம், மீதி வெள்ளை. எங்கோ ஒரு சிவப்புக் கட்டம் மினுக்கி மறையும். வேறெங்கோ ஒரு நீலக் கட்டம் வந்து உட்காரும். எது எங்கே போயிற்று என்று கண்ணால் துரத்தித் துரத்தி அவளுக்குத் தலை சுற்றியது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பூஜை நேரம் வந்ததும் ஸ்பேனர், குறடு, அரிவாள்மணை, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் அதற்கும் ஒரு பொட்டு வைத்துச் சூடத்தைச் சுற்றினாள். "ஒண்ணும் செதறிப் போகாம அததும் அததோட சேந்து இருக்கோணும் சாமி" என்று, எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் வேண்டுவதைத்தான் வேண்டினாள்.

மறுநாள் காலையில் காலனியில் பாத்திரங்கள் வீடு திரும்பியிருந்தன.

பாத்திரம் என்றால் பேர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம். காலனியில் குழம்பு கொடுத்துப் பொரியல் வாங்குவது அன்றாடம் நடக்கிற காரியம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, உள்ளே ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது மரியாதை. நல்லதாக ஏதாவது செய்யும்போது கொடுப்போம் என்று தள்ளித் தள்ளி, ஒருத்தி கல்யாணச் சீரில் வந்த டபராவில் இன்னொருத்தி வருஷக் கணக்காகப் புளி ஊறப்போட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பாத்திரங்களெல்லாம் எந்தப் பேர் வெட்டியிருந்ததோ அந்த வீட்டு அலமாரியில், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. சங்கச் செயலாளர் திருமூர்த்தி வீட்டில் அலமாரியே காலி, இரண்டு டம்ளர்தான் மிச்சம். ஆச்சரியப்பட வேண்டிய நேரத்தில் காலனிப் பெண்கள் வெட்கப்பட்டார்கள். பூஜைக்கு வீடு ஒதுக்கும்போது நாங்களேதான் கொடுத்தனுப்பினோம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் வெட்கப்பட நேரமில்லை. ஒற்றைச் செருப்புகள் ஜோடி சேர்ந்தன, ரவிக்கையிலிருந்து தெறித்த கொக்கிகள் ரவிக்கைக்கே வந்தன, பாதியில் மறந்துபோன தாலாட்டுகளுக்கு அடுத்த அடி கிடைத்தது, மாறிப் போய்க் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகள் சொந்தத் தாயிடம் முட்டிமுட்டிக் குடித்தன, பங்காளிச் சண்டையில் மயில்சாமியும் மாகாளியும் அப்பன் வீட்டு நடுவில் எழுப்பியிருந்த சுவர், அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் காப்பி குடிக்கத் தலை குனிந்தபோது, செங்கல் செங்கலாகப் பிரிந்து பிள்ளையார் கோயில் பின்னால் போய் அடுக்கிக்கொண்டது. அது கோயில் செங்கல் என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள், இல்லாத சுவருக்கு மேலே தலையை நீட்டித்தான் திட்டிக்கொண்டார்கள். எதுவும் கண்ணெதிரே நகரவில்லை. குழம்பைக் கிளறத் திரும்பும்போது, தும்மும்போது, வாசலில் யாரோ கூப்பிட எட்டிப் பார்க்கும்போது நகர்ந்தது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. சாமான்களெல்லாம் நெருக்கி உட்கார, வீடுகளில் இருந்த காலியிடமெல்லாம் வெளியேறிப் போயிற்று. கட்டிலுக்கு அடியில் இருந்த காலியிடம் போனதால் கட்டில்கள் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டன. புருஷன் பெண்சாதி பேச்சுக்கு நடுவில் இருந்த காலியிடம் போனதால் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்தார். அத்தனை காலியிடமும் நான்காவது வீதியின் கடைசியில் போய்ச் சேர்ந்து, முள்வேலி இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வெட்டவெளியாகப் படுத்திருந்தது. ஒரு வாரத்துக்குள் அதில் மிளகாய் காயப்போட்டார்கள், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், கடன் தொல்லையும் மாமியார் தொல்லையும் உள்ளவர்கள் சாயங்காலம் போய் அதன் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். அங்கே நின்றால் மனசில் ஒன்றுமே இருக்காது என்றார்கள்.

காலனிக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட்டது மருதாசலம்தான். திரையில் நீலம் ஒரு வரிசை நிறைந்தால் வெளியில் ஏதோ ஒன்று சேர்கிறது என்பதை, மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற அந்த மனுஷர் கண்டுபிடித்துவிட்டார். "ஆபீசுல இருந்த கம்ப்யூட்டரு. காலனி மொத்தமும் அதுக்குள்ளதான இருந்துச்சு" என்றார். அது காரணமா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நூற்றுக்கு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கோயிலுக்கு வருவது மாதிரிக் குளித்துவிட்டு வந்து முன்னறையில் நின்றார்கள். வசந்தாமணி முக்காலியில் உட்கார்ந்து எண்ணைச் சொன்னாள். மழை வருமா, மகனுக்கு வேலை கிடைக்குமா என்றுகூட அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

"ஓடற மிசினுக்குச் சூடம் காட்டுனது தப்புத்தானுங்க" என்றார் திருமூர்த்தி, சங்கக் கூட்டத்தை அதே முன்னறையில் கூட்டி வைத்து. "ஆனா இப்ப நிறுத்துனா அதவிடப் பெரிய தப்பாயிப் போகும். என்ற ஊட்ல டம்ளரு ரெண்டுதான் இருக்குது, எனக்கே ஆதாயமில்லீங்க. இருந்தாலும் பொதுக்காரியம்."

கரண்டுதான் பெரிய கவலை. மிக்சியைப் போட்டால் வோல்ட்டேஜ் இறங்கும் என்பதால் வீதிக்கொரு நேரம் முறை வைத்துச் சட்னி அரைத்தார்கள். பாதிப் பேர் அம்மிக்கே போய்விட்டார்கள். மத்தியானக் கட் பண்ணுகிற லைன்மேன் ஆறுச்சாமியைக் கூட்டி வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். "மேல இருந்து சொன்னா நா என்னங்க பண்றது" என்றவர், எப்போதோ கம்பத்தின் மேல் மறந்து வைத்த தன் குறடு சட்டைப் பையிலேயே இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய், அடுத்த ஊருக்கு இரண்டு தடவை கட் பண்ணினார்.

இப்படிக் காலனியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போதுதான், ஒரு நாள் மத்தியானம் வசந்தாமணியின் தங்கை லோகநாயகி வாசலில் வந்து நின்றாள். நான்காவது வீதியில், வெட்டவெளிக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். புருஷன் இறந்துவிட்டான், இரண்டு பையன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடியாகிவிட்டார்கள். கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வைத்திருந்தாள்.

"அக்கா, இது எங்கூட்டு அலமாரில இருந்துச்சு. நா எடுத்துட்டு வர்லைக்கா. அதா வந்துச்சு."

அது கௌசல்யாவின் பாக்ஸ். வசந்தாமணி வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

கௌசல்யாவைப் பெற்றவள் லோகநாயகி. இது காலனி முழுக்கத் தெரியும், கௌசல்யாவுக்கு மட்டும் தெரியாது. வசந்தாமணிக்குப் பிள்ளை நிற்கவில்லை. கோயில் குளமெல்லாம் ஏறி இறங்கி ஓய்ந்திருந்த நேரத்தில், இரண்டு பையன்களுக்குப் பிறகு லோகநாயகிக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. தீட்டுக் கழிவதற்குள்ளேயே குழந்தை நான்காவது வீதியிலிருந்து முதல் வீதிக்கு வந்துவிட்டது. கொடுத்ததை என்றைக்கும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வசந்தாமணி கேட்க, மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள் தங்கை. அன்றிலிருந்து "சின்னம்மா" என்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவாள். எந்தப் பிள்ளையாவது "அம்மா" என்று கத்தினால் தரையைப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்து யூனிபார்ம் போயிற்று. பிறகு தலையணை. பிறகு, தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த கௌசல்யாவின் வாசனை. ஒவ்வொன்றையும் லோகநாயகி தூக்கிக்கொண்டு வந்தாள். வாசனையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் அந்தத் தலையணை உறையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள். வசந்தாமணிக்கு முதலில் தங்கை மேல் சந்தேகம் வந்தது, அப்புறம் சந்தேகப்பட்டதற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது, அதற்கப்புறம் இரண்டும் கலந்து எது எதென்று தெரியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பெண் வாசலில் இறங்கி யோசனையில்லாமல் நான்காவது வீதிப் பக்கம் திரும்புவதையும், பாதி வழியில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவதையும் பார்த்தாள்.

"ஏம்மா, என்ற சாமானெல்லாம் சின்னம்மா ஊட்டுக்கே போகுது?" என்றாள் கௌசல்யா.

"மிசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றாள் வசந்தாமணி. பிறகு கேட்டாள்: "ஏங் கண்ணு, இத இப்ப நிறுத்துனா என்னாகும்?"

"நடுவுல நிறுத்துனா பாதி இங்க பாதி அங்கன்னு நின்னு போயிரும்மா. அப்பறம் எதையுமே தொறக்க முடியாது."

அன்றிலிருந்து வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்தினால் பெண் இரண்டு துண்டாகிவிடுவாள், ஓடவிட்டால் முழுசாக அங்கே போய்விடுவாள். பாலைப் பார்க்கிற கண்ணால் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கட்டம் தன் மகள் என்று தேடினாள். சிவப்பு ஒன்று மினுக்கினால் அதுதான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சில நேரம் கை ஸ்விட்ச் வரைக்கும் போகும், வந்துவிடும். முன்னறையில் நிற்கிற ஜனத்துக்கு அவள் எதற்கு வெளிறிப்போகிறாள் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும், "எத்தனை ஆச்சுங்க?" என்று மட்டும் கேட்டார்கள். மருதாசலத்திடம் புலம்பினாள். அவர் காய்த்த கையால் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு இரும்பு மிசின்தான் தெரியும் வசந்தா" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

எண் தொண்ணூற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை லோகநாயகி ஒரு பையோடு வந்தாள். இந்தத் தடவை கையில் கௌசல்யாவின் சாமான் எதுவும் இல்லை.

"அக்கா, நா திருப்பூர்ல பெரியவங்கூடப் போயி இருந்துக்கறேன். இந்த மிசினு காலனிக்குள்ளதான இழுக்குது. மில் கேட்டத் தாண்டி அங்கிட்டுப் போயிட்டா எட்டாதல்ல. நா இல்லீன்னா அதுக்கு எங்க கொண்டு போய்ச் சேக்கறதுன்னு தெரியாது. புள்ள உங்கிட்டயே இருக்கட்டும்."

தங்கை கட்டியிருந்தது சாயம் போன பச்சைச் சேலை. அடுப்பை அணைத்து வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவளைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. அதைவிட வேகமாகச் சந்தோஷம் வந்தது. "செரி" என்றாள். ஒரே ஒரு சொல். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. லோகநாயகி சாவியை வாசல்படியில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே திருப்பூர் பஸ் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்து நடந்தாள்.

அவள் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், எண் தொண்ணூற்றொன்பதுக்கு எகிறி அங்கேயே நின்றுவிட்டது. திரை பூராவும் நீலம். நட்ட நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கட்டம், போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் நெரிசல். வாசலில், ஜன்னலில், மதில் மேல் எல்லாம் ஆட்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று ஒருத்தி வேண்டிக்கொண்டாள்.

"என்ன அம்மிணி, நின்னு போச்சு?" என்றார் திருமூர்த்தி.

கௌசல்யா குனிந்து திரையைப் பார்த்தாள். "ஏதோ ஒரு துண்டு" என்றாள். அதற்கு மேல் அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது நான்காவது வீதியிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "லோகநாயகி ஊடு பூட்டித்தான கெடக்குது, உள்ளார கௌசி பேசறாளே! 'கெடைக்க மாட்டேங்குது, அது வந்தாத்தான் முடியும்'ங்கறா!"

வசந்தாமணி மகளைத் தன் பக்கம் திருப்பினாள். "பேசு கண்ணு. அம்மாளப் பாத்துப் பேசு."

"அம்மா" என்றாள் கௌசல்யா. மீதியை உதடு மட்டும் சொல்லிற்று. மீதி எங்கே கேட்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பூட்டிய வீட்டுக்குள், யாரும் இல்லாத அலமாரிகளுக்கு முன்னால், அவள் மகள் பயமாக இருக்கிறது என்றோ பசிக்கிறது என்றோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணின் கண் ஒன்றில் மட்டும் தண்ணீர் நின்றது. கையைப் பிடித்தால் பாதிக் கனம்தான் இருந்தது, காய்ந்த சுரைக்குடுக்கையைத் தூக்குவது போல.

வசந்தாமணிக்கு அதுவரை இருந்த குழப்பம் தெளிந்தது என்று சொல்ல முடியாது. எது நியாயம், யார் தாய் என்பதெல்லாம் முன்னைவிட அதிகமாகத்தான் கலங்கிக் கிடந்தது. ஆனால் பெண் அரைகுறையாகத் தன்னிடம் இருப்பதைவிட முழுசாக எங்கேயோ இருக்கட்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அது நினைப்பாக வருவதற்கு முன்னாலேயே கால் வாசலைத் தாண்டிவிட்டது. செருப்புப் போடாமல், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல், காலனி பார்க்கப் பார்க்க முதல் வீதியிலிருந்து கேட் வரைக்கும் ஓடினாள்.

பஸ் வந்து நின்றிருந்தது. லோகநாயகி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள்.

"எறங்குடி" என்றாள் வசந்தாமணி.

"அக்கா, நாம் போறதுதான்..."

"எறங்குங்கறேன். புள்ள ரெண்டாக் கெடக்கறா."

கண்டக்டர், ஏறுவதானால் ஏறு, இல்லாவிட்டால் வழியை விடு என்று விசிலை ஊதினார். லோகநாயகி இறங்கினாள். "நாஞ் சத்தியம் பண்ணியிருக்கறேங்க்கா. சூடத்த அணைச்சு. அந்தப் புள்ள முன்னாடி நா என்னன்னு வந்து நிக்கறது?"

"பண்ணச் சொன்னவ நாந்தான? அந்தப் பாவம் என்ற தலையில வரட்டும், வா" என்றாள் வசந்தாமணி. தங்கையின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்ன வயசில் பொங்கல் சந்தையில் கூட்டத்துக்குள் தொலைந்துபோகக் கூடாது என்று அப்படித்தான் பிடித்துக்கொண்டு போவாள்.

ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். லோகநாயகி அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் சிவப்புக் கட்டம் ஒரு தடவை மினுக்கிற்று, யாருக்கோ இருமல் வந்தது, எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள், திரும்பிப் பார்த்தபோது திரையில் சிவப்பே இல்லை. நூறு. மருதாசலம் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துக் காலால் நசுக்கினார். முறைப்படி அது எப்போதோ செய்திருக்க வேண்டியது.

வசந்தாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறந்தால் பெண் இருக்க மாட்டாள் என்று பயம்.

"எங்கம்மா போயிட்டு வந்தே, செருப்புக்கூடப் போடாம?" என்று பக்கத்திலேயே குரல் கேட்டது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே இடத்தில், முழுசாகக் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். பெண் அங்கேயேதான் நின்றிருந்தாள். அடுக்களைப் பக்கம்தான் ஏதோ மாறியிருந்தது: ஜன்னல் இருந்த சுவரில் கதவில்லாத ஒரு நிலை, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு அடுக்களை, அதில் லோகநாயகியின் மண்ணெண்ணெய் அடுப்பு, லோகநாயகியின் முறம், அவள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன சோற்றுக்குண்டா. நான்காவது வீதி வீடு முதல் வீதிக்கு வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றது. அங்கே அது இருந்த இடத்தைப் பக்கத்து வீடுகள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து மூடிக்கொண்டன. பெண் யாருக்கு என்று மெஷின் யோசிக்கவே இல்லை. துண்டுகளைச் சேர்த்தது, அவ்வளவுதான்.

வசந்தாமணி அத்தனை பேர் எதிரிலும் சொன்னாள். நின்ற இடத்திலேயே, இன்னும் ஒரு நிமிஷம் போனால் வாய் வராது என்று பயந்துபோய்ச் சொன்னாள். "கௌசி, உன்னப் பெத்தவ இவ. வளத்தவ நானு. சொல்லக் கூடாதுன்னு இவ வாயக் கட்டுனதும் நாந்தான்."

கூட்டம் தரையைப் பார்த்தது. கௌசல்யா ஒருத்தியைப் பார்த்தாள், இன்னொருத்தியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நா உங்க ரெண்டு பேருல ஆருகிட்டக் கோவிச்சுக்கறது?" என்றாள்.

கடைசியில் அவள் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூராவும் வெட்டவெளியில் போய் உட்கார்ந்திருந்தாள். அங்கே நின்றால் மனசில் ஒன்றும் இருக்காது என்பது பொய் என்று திரும்பி வந்து சொன்னாள். காலனி வழக்கம்போல் தன் ஜோலியைப் பார்த்தது. மயில்சாமியும் மாகாளியும் புதுச் செங்கல் வாங்கிச் சுவரைக் கட்டினார்கள். திருமூர்த்தியின் மனைவி குழம்பு கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள், பாத்திரம் கொண்டுபோகாமல். இரண்டு அடுக்களையிலும் இரண்டு பெண்களும் எதிரும் புதிருமாக நின்று சமைத்தார்கள். ஒருத்தி கரண்டியை வைக்கும் சத்தம் இன்னொருத்திக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் கௌசல்யா யூனிபார்ம் போட்டுக்கொண்டு, கையில் சீப்பும் இரண்டு ரிப்பனுமாக வந்து, இரண்டு அடுக்களைக்கும் நடுவில் அந்தக் கதவில்லாத நிலைப்படியில் உட்கார்ந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா, சடை பின்னி உடு. நேரமாச்சு."

வசந்தாமணி இந்தப் பக்கத்திலிருந்து எழுந்தாள். அந்தப் பக்கத்தில் லோகநாயகியும் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது தெரிந்து, முறத்தை எடுக்க வந்த மாதிரிக் குனிந்தாள். வசந்தாமணி மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நடு வகிடெடுத்து முடியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபாதி தோளில் கிடந்தது. அதைக் கொடுப்பதற்கு அவளுக்கு மனசே இல்லை.

"லோகு, அந்தப் பக்கம் நீ பின்னு" என்றாள்.

லோகநாயகி வளர்த்தது இரண்டும் ஆண்பிள்ளைகள். பெண்ணுக்குச் சடை பின்னிப் பழக்கமே இல்லை. முடியை மூன்று காலாகப் பிரிக்கிறாள், நழுவுகிறது. மறுபடி பிரிக்கிறாள், ஒரு கால் தடித்து இன்னொன்று மெலிந்துபோகிறது. ஒரு வழியாக ரிப்பனைக் கட்டி முடித்தபோது அந்தச் சடை தொளதொளவென்று கீழே தொங்கியது, இந்தச் சடை காதுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றது. அவிழ்த்துச் சரியாகப் பின்னிவிட வசந்தாமணிக்குக் கை அரித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கௌசல்யா கண்ணாடியில் பார்த்தாள். "இது கோணலா இருக்குது" என்றாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே போய்விட்டாள்.

சாயங்காலம் வரும்போது ஒரு பக்கத்துச் சடை அவிழ்ந்து போயிருந்தது, ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் பின்னு சின்னம்மா" என்றாள்.

"செரி கண்ணு" என்றாள் லோகநாயகி.